கேட்டதை எழுதுறதா, பள்ளிக்கூட ஹௌசால எழுதுறதா: ஒரு பேச்சுப் பதிவு வேலையோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடக்கு நைஜீரியாவுல தாய்மார்களுக்கான ஒரு ஃபோன் உதவி லைன். கர்ப்பமா இருக்கிறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க கூப்பிட்டு தங்களோட சந்தேகத்தை வாயால சொல்லணும், சிஸ்டம் அதைக் கேட்டு எழுத்தா மாத்தி, என்ன விஷயம்னு பிரிச்சு, சரியான நர்ஸ்கிட்ட அனுப்பணும். மொழி ஹௌசா. லைனை நடத்தினவங்க பேரும் வேலை பாத்தவங்க பேரும் இதுல இல்ல. நான் எழுத்துப் பிரதியை சரிபாக்கிற பக்கம் இருந்தேன்.

ஹௌசா பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம். சாட் ஏரியைச் சுத்தி பேசுற சாடிக் மொழிகள்னு ஒரு கூட்டம் இருக்கு, 150க்கும் மேல, நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் நாலு நாட்டுலயும். இதெல்லாம் ஆப்ரோ-ஆசியக் குடும்பம், அதாவது அரபிக்கும் ஹீப்ருவுக்கும் தூரத்துச் சொந்தம். அந்தக் கூட்டத்துல ஆள் கணக்குல ரொம்பப் பெருசு ஹௌசாதான், கோடிக்கணக்குல பேசுறாங்க, தாய்மொழியா இல்லாதவங்களும் சந்தையில பேசுறாங்க.

இவ்வளவு பரவின மொழி ஒரே மாதிரி இருக்காதுல்ல. கிழக்குல கானோ, ஜாரியா, பௌச்சி, டௌரா. மேற்குல சொகோட்டோ, கோபிர், நைஜர் நாட்டுக்குள்ள போனா அடெர் பக்கம். கட்சினா ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. பள்ளிக்கூடத்துலயும் பத்திரிகையிலயும் பாக்குற ஹௌசா கானோ பேச்சை அடிப்படையா வச்சது. 1934ல வந்த பார்ஜரி அகராதி கானோவை மையமா வச்சது, 1939ல ஜாரியால தொடங்கின கஸ்கியா தா ஃபி க்வபோ பத்திரிகையும் 1957ல இருந்து ஒலிபரப்பாகுற பிபிசி ஹௌசாவும் அந்த எழுத்து ஹௌசாவை இன்னும் பரப்புச்சு. ஒரு ஊர் பேச்சு இன்னொண்ணை விட உயர்ந்ததுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஆனா எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் காதுல எந்த ஊர் ஹௌசா விழுந்தாலும் கை கானோ ஹௌசாவைத்தான் எழுதும். எங்க பிரச்சனை முழுக்க இங்கதான் முளைச்சுது.

சிஸ்டத்துக்கு ஹௌசா கேக்கக் கத்துக் குடுக்கணும்னா, பேச்சைப் பதிவு பண்ணி மனுஷங்க அதைக் கேட்டு டைப் பண்ணிக் குடுக்கணும். பதிவுகள் முதல்ல கானோ, ஜாரியா பக்கம் எடுத்தாங்க, அப்புறம் கட்சினா, சொகோட்டோ. கேட்டு டைப் பண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்க கானோவுல படிக்கிற ஸ்டூடண்ட்ஸ். மேற்பார்வைக்கு ஒரு மொழி வாத்தியார், எல்லாரும் மாலம்னு கூப்பிடுவாங்க, அங்க வாத்தியாருக்கும் படிச்சவங்களுக்கும் அதுதான் மரியாதைச் சொல். சொகோட்டோக்காரங்க ரொம்பக் கம்மி, அதுல ஒரு இளம்பெண் இந்தக் கதைக்கு முக்கியம்.

கண்ணுல பட்டது

முதல் மாடல், அதாவது அந்தப் பதிவுகள்ல இருந்து கத்துக்கிட்டு பேச்சை எழுத்தாக்குற ப்ரோக்ராம், ஓட ஆரம்பிச்சதும் கானோ கால் எல்லாம் ஓரளவுக்கு சரியா எழுத்தாச்சு. சொகோட்டோ பக்கத்துக் கால் வந்தா பாதி வார்த்தை ஒண்ணு கிடக்க ஒண்ணா வந்துச்சு. எல்லாரும் முதல்ல சிக்னலைத்தான் சந்தேகப்பட்டாங்க, கிராமம், காத்து, பக்கத்துல ஆடு கத்துது, பழைய ஃபோன் அப்படின்னு. சரி, சொகோட்டோ நகரத்துல அமைதியான ரூம்ல எடுத்த பதிவைக் குடுத்துப் பாக்கலாம்னு குடுத்தோம், அதுலயும் அதே கோளாறு. அப்ப ஆடியோ குத்தம் இல்ல. ஒலியையும் எழுத்துப் பிரதியையும் பக்கத்துல வச்சு வரி வரியா கேக்க ஆரம்பிச்சோம்.

(ஹௌசா வார்த்தைகளை தமிழ் எழுத்துல எழுதும்போது ஒலி கிட்டத்தட்டதான் வரும், பொறுத்துக்கோங்க.)

ஒரு பதிவை எடுத்துக்கிறேன். ஒரு அம்மா கிளினிக் போன கதை சொல்றாங்க. பைக்ல இருந்து இறங்கினேன்னு சொல்ற இடத்துல "ஸப்கா"ங்கிறாங்க, எழுத்துல "ஸௌகா"ன்னு இருக்கு. உக்காந்தேன்னு சொல்றப்ப "ஜம்னா"ங்கிறாங்க, எழுத்துல "ஜௌனா". அவர் வீடுங்கிறதுக்கு "கிடனாய்"ங்கிறாங்க, எழுத்துல "கிடன்ஸா". ஒரே நிமிஷத்துக்குள்ள மூணு இடத்துல அவங்க சொன்னது ஒண்ணு, காகிதத்துல இருக்கிறது வேற ஒண்ணு. டைப் பண்ணின பையன் சோம்பேறி இல்ல, ரொம்ப கவனமான பையன், அவனுக்குத் தெரிஞ்ச சரியான ஸ்பெல்லிங்கைப் போட்டிருக்கான். இன்னொரு பதிவுல வேற ஒருத்தர் அதே வார்த்தையை "ஸப்கா"ன்னே அடிச்சிருக்காங்க. ஆக மேற்குப் பதிவே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்துலயும் ஒரே ஒலிக்கு ஒரு நாள் ஒரு எழுத்து, மறுநாள் வேற எழுத்து. மெஷின் எதைக் கத்துக்கும்?

ரெண்டாவது, கொக்கி எழுத்து. ஹௌசாவை இங்கிலீஷ் மாதிரி ரோமன் எழுத்துல எழுதுறாங்க, அதுல சாதாரண பி, டி, கே இருக்கு, அதோட கொக்கி போட்ட பி, டி, கே தனியா இருக்கு. கொக்கி பி-யும் டி-யும் சொல்லும்போது குரல்வளை கொஞ்சம் கீழ இறங்கி காத்து உள்ள இழுக்குற மாதிரி வரும், வேகமாப் பேசினா தொண்டையில ஒரு கரகரப்பா மட்டும் கேக்கும். கொக்கி கே வேற வகை, தொண்டையை அடைச்சுட்டு பட்டுனு வெளிய விடுறது. கம்ப்யூட்டர்ல இதுக்கெல்லாம் எழுத்து இருக்கு, ஆனா கீபோர்டு மாத்தணும், ஃபோன்ல அடிக்கிறவங்க பாதிப் பேர் மாத்துறதில்ல, கொக்கி இல்லாமயே அடிச்சுட்டுப் போறாங்க. பேப்பர்ல படிக்கிற மனுஷனுக்கு இடம் பாத்துப் புரிஞ்சிடும். எங்க லைன்ல என்ன ஆச்சுன்னா, சாதாரண கே போட்ட "பாகி"ன்னா வாய், கொக்கி கே போட்டா விருந்தாளிகள் (கறுப்புங்கிற வார்த்தைக்கும் அதே ஸ்பெல்லிங்தான், அது குறில்). வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க அதான் கிளினிக் வர முடியலன்னு ஒருத்தங்க சொன்னது வாய்ப்புண் வரிசைக்குப் போச்சு.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. நைஜீரியாவுல தொண்டையை இறுக்கிச் சொல்ற ஒரு "ய" ஒலியை, ஒய் எழுத்துக்கு முன்னாடி மேற்கோள் குறி போட்டு எழுதுவாங்க. நைஜர்ல அதே ஒலிக்கு கொக்கி போட்ட ஒய். இந்த ஒலி வர்ற வார்த்தைகள் ரொம்பக் கம்மி, ஆனா மகள், பிள்ளைகள்ங்கிற வார்த்தைகள் அதுல இருக்கு. எங்க டேட்டாவை சுத்தம் பண்ற ப்ரோக்ராம் புள்ளி, கமா, மேற்கோள் எல்லாத்தையும் வழக்கம்போல தூக்கிடுச்சு. மேற்கோள் போனதும் "பிள்ளைகள்" அப்படியே "எப்படி"ங்கிற கேள்விச்சொல்லா ஆயிடுச்சு, எழுத்துல ரெண்டும் "யாயா". "மகள்" போய் "அவன்" ஆச்சு. தாய்மார்களுக்கான லைன்ல பிள்ளைங்கிற வார்த்தையே அழிஞ்சு போயிருக்கு, பிரதியைப் படிக்கிற யாருக்கும் அது தப்பாத் தெரியல, ஏன்னா மிச்சம் இருந்ததும் ஒழுங்கான ஹௌசா வார்த்தைதான்.

இதுக்கு மேல சுரமும் நெடிலும். ஹௌசா சுர மொழி, அதாவது குரலை ஏத்தி இறக்கிச் சொல்றதுலயே அர்த்தம் மாறும், உயர் சுரம், தாழ் சுரம், உயர்ந்து தாழ்றது ஒண்ணு. உயிர் ஒலிலயும் குறில் நெடில் உண்டு, நம்ம மாதிரியே. ஆனா நம்ம எழுத்துல அ வேற ஆ வேற, ஹௌசா வழக்கமான எழுத்துல ரெண்டுக்கும் ஒரே ரோமன் a எழுத்துதான், சுரத்துக்கும் குறி கிடையாது. ரெண்டு அசையும் உயர்வாச் சொன்னா "கூகா" அழுகை, ரெண்டாவது தாழ்ந்தா "கூகா" பவோபாப் மரம், அதோட இலையைக் காய வச்சு இடிச்சு குழம்பு வைப்பாங்க, அங்க தினசரி சாப்பாடு. குழந்தை அழுதுகிட்டே இருக்குன்னு வந்த கால்களை வார்த்தை தேடிப் பிரிக்கிற பகுதி சாப்பாட்டு வரிசையில போட்டிருந்துச்சு. இது டயலெக்ட் (வட்டாரப் பேச்சு) விஷயமே இல்ல, கானோக்காரங்க காலுக்கும் நடந்துச்சு.

ஆர் ஒலிகூட ரெண்டு உண்டு, ஒண்ணு நாக்கு உருள்றது, ஒண்ணு நாக்கு மடிஞ்சு தட்டுறது. ஒண்ணுல "பரா" வேலையாள், இன்னொண்ணுல பிச்சை கேக்குறது. எழுத்துல ஒரே ஆர். இதனால எங்களுக்குப் பெருசா சேதம் வரல.

ரெண்டு பக்கப் பேச்சு

மாலமோட வாதத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். அவர் சொன்னது: எழுத்து ஹௌசான்னு ஒண்ணு தலைமுறை தலைமுறையா நிலைச்சிருக்கு, குழந்தைங்க அதைத்தான் படிக்கிறாங்க, நர்ஸ் பிரதியைப் பாத்தா சட்டுனு புரியணும், தேடினா ஒரு விஷயத்துக்கு ஒரு வார்த்தை வரணும், ஆளுக்கொரு ஸ்பெல்லிங் எழுதினா நாளைக்கு இந்த டேட்டாவை யாரும் தொட மாட்டாங்க. கட்சினா, சொகோட்டோ, கானோ எல்லாரையும் ஒண்ணாக் கட்டி வச்சிருக்கிறதே அந்தப் பொது எழுத்துதான்ங்கிறது அவர் நம்பிக்கை.

சொகோட்டோ பொண்ணு மரியாதையாத்தான் பேசினா. "மாலம், அந்தம்மா ஸப்கான்னு சொன்னாங்க. ஸௌகான்னு நான் எழுதினா அது அவங்க சொன்னது இல்லயே. எங்கம்மாவும் ஸப்கான்னுதான் சொல்லும், அதை எப்பவும் யாரும் எழுதினது இல்ல."

மாலம், "எழுதினா அது தப்புன்னு சொல்லல மா, எந்த இடத்துல எழுதணும்ங்கிறதுதான் கேள்வி"ன்னார். அந்த ஒரு வாக்கியத்துலதான் அப்புறம் வந்த தீர்வு ஒளிஞ்சிருந்துச்சுன்னு நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகள், ஏன்

ஒவ்வொரு பதிவுக்கும் ரெண்டு வரி. மேல் வரியில காதுல விழுந்தது விழுந்தபடி, கீழ் வரியில பொது எழுத்து ஹௌசா. மெஷின் கேக்கக் கத்துக்கிறது மேல் வரியில, நர்ஸ் படிக்கிறதும் தேடுறதும் கீழ் வரியில.

வேலை ரெட்டிப்பாகுமேன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. ஒரே ஒரு வரிதான் வைக்க முடியும்னா எதை வைக்கணும்ங்கிறதுக்கு ஹௌசாவோட ஒலி வரலாறே பதில் சொல்லுது. 1920கள்ல கிளிங்கன்ஹேபன்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர் கண்டுபிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. அசை முடிவுல நின்ன சில மெய்கள் காலப்போக்குல தேஞ்சு போச்சு. தொண்டைப் பக்கத்து க மாதிரி ஒலி அசைக் கடைசியில வந்தா உ ஆயிடும். ஏழை எளிய மனுஷனுக்கு "தலகா", ஏழ்மைக்கு "தலௌச்சி", அந்த க-தான் ஔ-வுக்குள்ள போயிருக்கு. உதட்டு ஒலிகளான ப, ம-வும் அதே மாதிரி உ ஆச்சு, ஆனா இந்தப் பாதி கிழக்குல மட்டும்தான் நடந்துச்சு, மேற்குல நடக்கல. அதனாலதான் சொகோட்டோல இன்னும் ஸப்கா, ஜம்னா, குப்பை மேட்டுக்கு "ஜிப்ஜி". கானோல ஸௌகா, ஜௌனா, "ஜூஜி".

இதுல நம்ம வேலைக்கு வேண்டிய விஷயம் என்னன்னா, ஸப்கான்னு எழுதி வச்சிருந்தா அதுல இருந்து ஸௌகாவுக்கு ஒரு பட்டியல் வச்சு ப்ரோக்ராமே போயிடும். ஸௌகான்னு மட்டும் எழுதி வச்சிருந்தா திரும்பிப் போக வழி இல்ல. அந்த உ ஒரு காலத்துல ப-வா, ம-வா, க-வா, இல்ல முதல்ல இருந்தே உ-தானா, அந்த அம்மா உண்மையில எதைச் சொன்னாங்க, எதுவும் எழுத்துல தெரியாது. இதை ஒரு மீட்டிங்ல பலகையில எழுதிக் காமிச்சப்புறம் மாலமே, மேல் வரிதான் முதல்ல எழுதணும், கீழ் வரியை அதுல இருந்து எடுக்கலாம்னு சொல்லிட்டார். மேற்குப் பேச்சு கெட்டுப்போன கானோ பேச்சு இல்ல, இந்த ஒரு விஷயத்துல அதுதான் பழசு, இதை அவரே ஸ்டூடண்ட்ஸ்கிட்ட எடுத்துச் சொன்னது பெரிய உதவி.

பட்டியலுக்கு பார்ஜரி அகராதியை எடுத்துக்கிட்டோம், எந்த வடிவம் எந்த ஊர்ல வழங்குதுன்னு அதுல குறிச்சிருக்கு, சுரமும் போட்டிருக்கு. எல்லாமே விதிக்குள்ள அடங்கலங்கிறதையும் சொல்லணும். கல்யாணம் கானோல "அவுரே", சொகோட்டோல "ஆர்மே", இங்க ம தேயாம நின்னது மட்டும் இல்ல, ர-வும் ம-வும் இடம் மாறியிருக்கு. கிடன்ஸா, கிடனாய் இலக்கண விகுதி வித்தியாசம், இந்த விதிக்கே சம்பந்தம் இல்ல, ஜாரியா பக்கம் போனா "கிடன்ஷி"ன்னு இன்னொண்ணு கிடைக்கும். கானோல ஃப வர்ற இடத்துல மேற்குல ஹ்வ வரும், "ஃபடி" அங்க "ஹ்வடி". இதெல்லாம் கையாலதான் சேத்தோம்.

கொக்கி எழுத்து கட்டாயம். கீபோர்டு போட்டுக் குடுத்து, கொக்கி வர வேண்டிய வார்த்தை கொக்கி இல்லாம வந்தா திரையிலயே கேள்வி கேக்கிற மாதிரி பண்ணினோம். மேற்கோள் குறியை இனிமே நிறுத்தக்குறியா பாக்கக் கூடாது, எழுத்தாத்தான் பாக்கணும்னு ப்ரோக்ராமை மாத்தினோம், அதோட உள்ள சேமிக்கும்போது மட்டும் நைஜர்க்காரங்க போடுற கொக்கி ஒய்-யையே போட்டோம், வெளிய காட்டும்போது நைஜீரியா வழக்கத்துக்கு மாத்திக்கும். ரெண்டு நாட்டு எழுத்து வித்தியாசம் எங்களுக்கு ஒரு வழியில கை குடுத்துச்சு.

சுரம், நெடில், ரெண்டு ஆர் குறிக்க வேண்டாம்னு முடிவு. தாய்மொழியாப் பேசுறவங்க சுரத்தைத் தப்பில்லாம சொல்லிடுவாங்க, ஆனா பேப்பர்ல ஒரே சீரா குறிக்கிறது தனிப் பயிற்சி, அதுக்கு நேரமும் பணமும் இல்ல, ஒலி ஆடியோலயே இருக்கு, பின்னாடி யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். கூகா பிரச்சனைக்கு ஒத்தை வார்த்தையை வச்சு வரிசை பிரிக்கிறதை நிறுத்தி பக்கத்து வார்த்தைகளையும் சேத்துப் பாக்க வச்சோம். பக்கத்துல "மியா", அதாவது குழம்பு, வந்தா சாப்பாடு, குழந்தையைப் பத்தின பேச்சு வந்தா அழுகை.

அப்புறம் நடந்தது

முதல்ல வேலை மந்தமாச்சு, அதோட காசுப் பிரச்சனையும் வந்துச்சு. டைப் பண்றவங்களுக்கு ஆடியோ நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு கூலி, இப்ப அதே நிமிஷத்துக்கு ரெண்டு வரி. அவங்க கேட்டது முழுக்க நியாயம். கூலி ஏத்துற வரைக்கும் சிலர் நின்னுட்டாங்க, நல்ல காது இருந்த ரெண்டு மூணு பேர் திரும்பி வரவே இல்ல.

அப்புறம் எதிர்பாக்காத ஒண்ணு. கானோ ஸ்டூடண்ட்ஸால மேல் வரியை சரியா எழுத முடியல, மனசு இல்லாம இல்ல, அவங்களுக்கு ஸப்காங்கிற ஒலி காதுக்குள்ள போகும்போதே ஸௌகாவா மாறிடுது. தாய்மொழிக் காது அர்த்தத்தைப் பிடிக்கப் பழகினது, ஒலியைத் தனியாப் பிடிக்கிறது இல்ல. அதனால மேற்குப் பதிவுக்கு ஒரு கானோ ஆளும் ஒரு சொகோட்டோ ஆளும் ஜோடியா உக்காந்தாங்க, சண்டை வர்ற வார்த்தையை மட்டும் மெதுவா ஓட விட்டுக் கேட்டாங்க. அந்தப் பொண்ணு சீக்கிரமே மேல் வரிக்கு மேற்பார்வை ஆயிட்டா.

அவதான் இன்னொண்ணும் கண்டுபிடிச்சா. பல சொகோட்டோ பதிவுகள்ல முதல் கொஞ்ச நேரம் ஸௌகா, ஜௌனான்னு சுத்தமான கானோ ஹௌசா, பேச்சு சூடு பிடிச்சு குழந்தைக்கு ஜுரம் வந்த ராத்திரியைச் சொல்ல ஆரம்பிச்சதும் ஸப்கா, ஜம்னா. மைக் பிடிச்சுக்கிட்டுப் போனது கானோ ஆள். ரேடியோ பேச்சு மாதிரி பேசணும்னு அவங்களா மாத்திக்கிட்டிருக்காங்க. உண்மையான கால்ல பயத்தோட பேசுறவங்க அப்படிப் பேச மாட்டாங்க, ஊர்ப் பேச்சுதான் வரும். அதனால அடுத்த சுத்துப் பதிவுக்கு அந்தந்த ஊர்ப் பெண்களையே மைக்கோட அனுப்பினாங்க, ஒவ்வொரு பதிவுலயும் ஆரம்பத்தை வெட்டிட்டு நடுப் பேச்சைத்தான் எடுத்தோம்.

பழைய பதிவு எல்லாத்தையும் திருப்பி எழுதல. மேற்குப் பதிவுகளும் மேற்கோள் குறி பறிபோன பதிவுகளும் முதல்ல, கானோ பதிவுகள் கொக்கி சரிபாப்பு மட்டும். அதை வச்சு திரும்பப் பழக்கின மாடல்ல சொகோட்டோ கால் எழுத்தாகுறது கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு நல்லாச்சு, விருந்தாளி வாய்ப்புண்ணாப் போறது நின்னுச்சு, பிள்ளைகள் திரும்பி வந்தாங்க. கட்சினா கால்களும் தானா நல்லாச்சு, அது நடுப் பேச்சுங்கிறதால ரெண்டு பக்க வடிவமும் மெஷினுக்குத் தெரியணும்ல. கோபிர் பக்கத்துக் கால்கள் இன்னும் தடுமாறுது, அங்க பதிவு போதாது.

இதே வேலை திரும்ப வந்தா மாத்த வேண்டியது

பதிவு எடுத்த ஊரை வச்சு டயலெக்ட் குறிச்சது போதவே போதாது. கானோ நகரத்துல பாதிப் பேர் வேற எங்கயோ இருந்து வந்தவங்க. எங்க வளந்தீங்க, உங்க அம்மா எந்த ஊருன்னு ரெண்டு கேள்வி முதல் நாளே கேக்கணும், கல்யாணம் ஆகி வந்த பொண்ணுங்ககிட்ட கண்டிப்பா கேக்கணும்.

கீபோர்டு, மேற்கோள் குறி, சேமிக்கிற எழுத்து இது மூணும் முதல் பதிவு எடுக்கிறதுக்கு முன்னாடி முடிவாகணும். கூலியும் அப்படித்தான், வரிக்கு ஏத்த மாதிரி ஆரம்பத்துலயே பேசிடணும். மேற்குக்காரங்களை வேலைக்கு எடுக்கிறது கடைசியில இல்ல, முதல்ல நடக்கணும், மேற்பார்வையிலயும் ஒருத்தர் இருக்கணும்.

சுரத்தை முழுசா விட்டது இப்பவும் சரின்னுதான் படுது, ஆனா கூகா மாதிரி எழுத்து ஒண்ணா இருந்து சுரத்தால மட்டும் பிரியிற, இந்த லைன்ல அடிக்கடி வர்ற வார்த்தைகளை மட்டும் ஒரு சின்னப் பட்டியலா எடுத்து, அதுக்கு மட்டும் மேல் வரியில சுரம் குறிக்கச் சொல்லலாம். கழுத்துக்கும் கஷ்டத்துக்கும் ஒரே "வுயா"தான், உயர்ந்து தாழ்ந்தா கழுத்து, தாழ்ந்து உயர்ந்தா கஷ்டம், பிரசவ வலி பேசுற இடத்துல இது ரெண்டும் கலக்கக் கூடாது.

தீராம நிக்கிறது ஜாரியா, பௌச்சி பதிவுகள். பொது ஹௌசால ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, அந்தப் பக்கம் நிறையப் பேர் பெண்பாலை விட்டுட்டு எல்லாத்தையும் ஆண்பாலாவே பேசுறாங்க. மேல் வரியில அப்படியே எழுதிடறோம். கீழ் வரியில பெண்பாலாத் திருத்தணுமா, திருத்தினா யார் பேச்சை யார் மாத்துறதுன்னு மாலமும் அந்தப் பொண்ணும் இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க, அதுவரைக்கும் அந்தப் பதிவுகளோட கீழ் வரி காலியா இருக்கு.